நுரையீரலும் நம் வீட்டுப் புகையும்

மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்று நம் நாட்டு யோக நூல்களும் சித்தர் மரபும் பன்னெடுங்காலமாகக் கணக்குச் சொல்லி வந்திருக்கின்றன. நிமிடத்திற்குப் பதினைந்து என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் இக்கணக்கு வழுவின்றி வரும். ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதன் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறான் என்று இக்கால மருத்துவர்களும் கூறுகின்றனர். மூச்சொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே செல்கிறது. ஆகவே நாள் முழுவதும் நம் மார்புக்குள் சென்று வரும் காற்று பத்தாயிரம் லிட்டருக்கு மேற்பட்டது. அதன் எடை ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோ. நாம் உண்ணும் சோற்றையும் குழம்பையும் பருகும் நீரையும் ஒன்றாக நிறுத்தாலும் அதில் பாதி கூடத் தேறாது.

அரிசியை முறத்திலிட்டுப் புடைத்துக் கல் பொறுக்குகிறோம். குடிநீரைக் காய்ச்சி வடிகட்டுகிறோம். பன்னிரண்டு கிலோ காற்றையோ எவ்விதச் சோதனையுமின்றி உட்கொள்கிறோம். அக்காற்று எவ்வழியே செல்கிறது, எங்கே இரத்தத்தோடு கலக்கிறது, அவ்விடம் எவ்வளவு மெல்லியது என்பதை ஒருமுறை அறிந்துகொண்டால், மாலையில் கதவையும் சன்னலையும் அடைத்துக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தும்போது கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று செல்லும் பாதை

மூக்கு வெறும் துவாரமன்று. அதனுள்ளே இருக்கும் மயிர்கள் பெருந்தூசியைத் தடுக்கின்றன. ஈரப்பசையுள்ள உட்சவ்வு வறண்ட காற்றை நனைக்கிறது. சவ்வின் அடியிலோடும் வெம்மையான இரத்தம் குளிர்ந்த காற்றைச் சூடாக்குகிறது. புனேயில் மார்கழி விடியற்காலையின் குளிர்காற்றும் நுரையீரலைச் சேரும்போது உடலின் வெப்பத்தை எய்திவிடுகிறது. வாயால் மூச்சு விடுபவர் இந்தப் பாதுகாப்பை இழக்கின்றனர்.

தொண்டையைக் கடந்த காற்று, குரல்வளை வழியாக மூச்சுக்குழலில் இறங்குகிறது. இக்குழல் நான்கு அங்குல நீளமும் முக்கால் அங்குலத்திற்குக் குறைந்த விட்டமும் உடையது. லாட வடிவான குருத்தெலும்பு வளையங்கள் பதினாறு முதல் இருபது வரை இதனைத் தாங்குவதால், நாம் எவ்விதம் கழுத்தைத் திருப்பினாலும் குழல் நசுங்குவதில்லை. மார்பின் நடுவே இது வலம், இடம் என இரண்டாகப் பிரிகிறது. வலக்கிளை சற்றுப் பருத்தும் செங்குத்தாகவும் இருக்கிறது. குழந்தைகள் வாயிலிட்டு விளையாடும் வேர்க்கடலையோ பொத்தானோ தவறி உட்சென்றால் பெரும்பாலும் வலது நுரையீரலில் போய்ச் சிக்கிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இவ்விரு கிளைகளும் மீண்டும் மீண்டும் இரண்டிரண்டாகக் கிளைத்துக்கொண்டே செல்கின்றன. ஸ்விட்சர்லாந்து நாட்டு உடற்கூற்றறிஞர் எவால்டு வைபெல் என்பார், நுரையீரலை அளந்து 1963இல் வெளியிட்ட நூலில், மூச்சுக்குழல் முதல் நுண்ணறை வரை சராசரியாக 23 முறை கிளை பிரிகிறது என்று காட்டினார். இவற்றுள் முதல் பதினாறு கிளைப்புகளும் வெறும் பாதைகளே. அங்கே இரத்தத்திற்கும் காற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. நாம் இழுக்கும் அரை லிட்டரில் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் இப்பாதையிலேயே தங்கி, பயன்படாமல் வெளியேறுகிறது. எஞ்சிய காற்றே பதினேழாவது கிளைக்கு அப்பாலுள்ள நுண்ணறைகளின் பக்கம் சேர்கிறது.

நம் காவிரியை எண்ணிப் பாருங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. பின்னர்க் குடமுருட்டி, அரசலாறு எனக் கிளைத்து, வாய்க்காலாகி, வரப்போரத்து மடையாகி, முடிவில் வயலில் அசைவின்றி நிற்கும் நீராகிறது. மூச்சும் அவ்வாறே. கிளைகள் ஒவ்வொன்றும் குறுகினாலும் அவற்றின் மொத்த அகலம் பன்மடங்கு பெருகுவதால், காற்றின் வேகம் படிப்படியாகக் குறைந்து, கடைசி அறைகளில் ஏறத்தாழ நின்றே போகிறது. அங்கே பிராணவாயு தானாகப் பரவிச் செல்கிறது. இவ்வமைதி வாயு மாற்றத்திற்கு மிக உகந்தது. ஆனால் வயலில் நின்ற நீரில் வண்டல் படிவது போல, காற்றோடு வந்த நுண்தூசி படிவதற்கும் அதுவே இடமாகிவிடுகிறது.

மயிரிழையினும் மெல்லிய சுவர்

கடைசிக் கிளைகளைச் சுற்றிலும் திராட்சைக் குலைபோல் தொங்கும் காற்று நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே விட்டமுள்ளவை. ஒரு மனிதனின் இரு நுரையீரல்களிலும் இத்தகைய அறைகள் 30 கோடி என்று வைபெல் காலத்தில் கணக்கிட்டனர். 2004இல் வெளிவந்த நுட்பமான கணக்கு, சராசரியாக 48 கோடி என்று காட்டியது. இவ்வறைகளின் சுவர்களையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் ஏறத்தாழ 130 சதுர மீட்டர், அதாவது 1,400 சதுர அடி பரப்பாகும். புனேயில் நம்மவர் பலர் குடியிருக்கும் ஓரறையும் சமையற்கட்டும் கொண்ட வீடுகள் நான்கைச் சேர்த்தால்தான் அவ்வளவு இடம் கிடைக்கும். அத்தனையும் ஒருவரின் விலா எலும்புக் கூட்டுக்குள் மடிந்து கிடக்கிறது.

இவ்வளவு பரந்த சுவர் எவ்வளவு தடிமனானது? ஒரு புறம் காற்று, மறுபுறம் இரத்தம். இடையிலுள்ள திரை, மெல்லிய பகுதிகளில் மில்லிமீட்டரின் மூவாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும். நம் தலைமயிர் ஒன்றின் பருமனில் ஏறத்தாழ இருநூறு திரைகளை அடுக்கி வைக்கலாம். நம் தோல் எத்தனையோ அடுக்குகளால் வெளியுலகைத் தடுத்து நிற்கிறது. நுரையீரலிலோ வெளியுலகுக்கும் இரத்தத்துக்கும் இடையே இவ்வொரு மெல்லிய திரையே காவல்.

திரையின் மறுபுறம் இரத்த நுண்குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. 1628இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று நிறுவினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு அது எவ்வழியே தாவுகிறது என்பதை அவர் கண்ணால் காணவில்லை. 1661இல் இத்தாலியரான மால்பீகி, தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கி அந்நுண்குழாய்களைக் கண்டு வெளியிட்டார். எந்நேரத்திலும் நம் நுரையீரல் நுண்குழாய்களில் இருக்கும் இரத்தம் ஒரு சிறிய காப்பி டம்ளர் அளவே. அந்த ஒரு டம்ளரை 1,400 சதுர அடியில் தடவினாற்போல் பரப்பி வைத்திருக்கிறது இயற்கை.

இத்துணை சிறிய ஈரமான அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடாதது எப்படி என்ற ஐயம் எழலாம். நீரின் பரப்பு எப்போதும் சுருங்க முயலும் இயல்புடையது. அதைத் தளர்த்த, நுண்ணறைகளின் உயிரணுக்கள் சில, சோப்பு நீரைப் போன்ற ஒரு கொழுப்புப் பூச்சைச் சுரக்கின்றன. கருவிலுள்ள குழந்தைக்கு இப்பூச்சு ஏறத்தாழ 35ஆம் வாரத்தில்தான் போதிய அளவு சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்குக் காரணம் இப்பூச்சின் குறைவே என்பதை 1959இல் அமெரிக்கப் பெண் மருத்துவர் மேரி எல்லன் அவேரியும் அவர்தம் உடன் ஆய்வாளர் மீடும் கண்டறிந்தனர். 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் குறைமாத ஆண்குழந்தை இந்நோயால் இரண்டே நாட்களில் இறந்தது. 1972இல் நியூசிலாந்து மருத்துவர்கள், குறைப்பிரசவம் நேரும் என்று அஞ்சும் தாய்மார்க்கு முன்னதாகவே ஊசி மருந்து செலுத்தினால் குழந்தையின் நுரையீரல் விரைவில் பக்குவமடைகிறது என்று காட்டினர். அன்று அதிபரின் செல்வமும் வாங்க இயலாதிருந்த அவ்வுதவி இன்று எளியோர்க்கும் எட்டுகிறது.

முக்கால் விநாடியில் நடப்பது

நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு. வெளிவிடும் காற்றில் அது 16 பங்காகக் குறைகிறது. மாறாகக் கரியமிலவாயு ஏறத்தாழ 4 பங்காகிறது. இம்மாற்றத்தைச் செய்வதற்கு நுரையீரல் எவ்வித முயற்சியும் எடுப்பதில்லை. வாயு, அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குத் தானே செல்லும். கடல் மட்டத்தில் நுண்ணறைக் காற்றிலுள்ள பிராணவாயுவின் அழுத்தம் பாதரசக் கணக்கில் 100 மில்லிமீட்டர். உடலைச் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தில் அது 40. ஆகவே பிராணவாயு இரத்தத்தினுள் பாய்கிறது. கரியமிலவாயு அவ்வாறே எதிர்த்திசையில் வெளியேறுகிறது. காற்றை உள்ளே இழுக்கும் வேலையையும் நுரையீரல் செய்வதில்லை. வயிற்றுக்கும் மார்புக்கும் இடையேயுள்ள உதரவிதானம் என்னும் தசை கீழிறங்க, மார்புக்கூடு விரிய, காற்று தானே புகுகிறது.

ரயில்வேயில் பணிபுரிபவனாதலால், இரத்தச் சிவப்பணுக்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வண்டித் தொடரே தோன்றும். நுண்குழாயின் அகலமும் சிவப்பணுவின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நகர இயலும். ஒவ்வோர் அணுவிலும் ஹீமோகுளோபின் என்னும் செந்நிறப் பொருளின் மூலக்கூறுகள் 27 கோடி உள்ளன. ஒவ்வொன்றிலும் பிராணவாயு அமர நான்கு இருக்கைகள். அதாவது ஒரே அணுவில் நூறு கோடிக்கு மேற்பட்ட பயணிகளுக்கு இடம். இவ்வண்டி நுரையீரல் என்னும் நிலையத்தில் நிற்கும் நேரம் முக்கால் விநாடிதான். வியப்பு யாதெனில், நலமுள்ள நுரையீரலில் கால் விநாடிக்குள்ளாகவே இருக்கைகள் நிரம்பிவிடுகின்றன. மீதி அரை விநாடி முழுவதும் உபரி.

இந்த உபரியை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நுரையீரலின் பெருமையும் ஆபத்தும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. ஓடும்போது இரத்தம் விரைந்தோடி, நிலையத்தில் நிற்கும் நேரம் மிகக் குறைந்தாலும், இருக்கைகள் நிரம்பிவிடும். கடற்கரைச் சென்னையையும் தூத்துக்குடியையும் விட்டு, 560 மீட்டர் உயரத்திலுள்ள புனேக்கு நாம் குடிவந்தோம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. எனினும் நம்மில் எவரும் அதை உணர்ந்ததில்லை. 3,500 மீட்டருக்கு மேலுள்ள கேதாரநாதத்துக்கு யாத்திரை சென்றோர் மட்டுமே அக்குறையை உணர்ந்து படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவர்.

ஆயின் இதே உபரிதான் கேட்டையும் மறைக்கிறது. நுண்ணறைச் சுவர்கள் சிறிது சிறிதாக அழிந்து வந்தாலும், வீட்டுக்குள் நடமாடும் ஒருவர்க்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரிவதில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கும் நாளில், சேமிப்பில் பெரும்பகுதி செலவாகியிருக்கும். அழிந்த நுண்ணறைகள் வளர்ந்தவர்க்கு மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

இன்னொன்று. ஹீமோகுளோபின் இருக்கைகளில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அமரும் வாயு ஒன்றுண்டு. அது கார்பன் மோனாக்சைடு. பயணச்சீட்டின்றி ஏறி இடம் பிடித்தவன் எளிதில் இறங்க மறுப்பது போன்றது அதன் செயல். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குளிர்காலத்தில் மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியோரும், காற்றோட்டமற்ற குளியலறையில் காஸ் கீசரை எரியவிட்டோரும் மயங்கி மாண்டது இவ்வாயுவினாலேயே.

காவலர்களும் அவர்தம் எல்லையும்

நுரையீரல் காவலற்றதன்று. மூச்சுக் கிளைகளின் உட்புறம் முழுவதும் கோழைப் படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் ஒரே திசையில் துடுப்புப் போட்டு, தூசி படிந்த கோழையைத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். புகையிலைப் புகை இந்நுண்மயிர்களைச் செயலிழக்கச் செய்கிறது. பீடி, சிகரெட் பிடிப்போரின் காலை இருமல், துடுப்பு செய்யாத வேலையை இருமலே செய்ய முயல்வதன் அடையாளம்.

பருத்த தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்குகிறது. ஆனால் மில்லிமீட்டரின் நானூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைந்ததுமான நுண்தூசி எல்லாக் காவலையும் கடந்து நுண்ணறையை அடைகிறது. செய்தித்தாள்களில் பி.எம். 2.5 என்று குறிப்பது இதனையே. அங்கே கோழையும் இல்லை, நுண்மயிரும் இல்லை. விழுங்கும் அணுக்கள் சில சுற்றித் திரிந்து தூசியை உண்டு அழிக்க முயல்கின்றன. அவற்றின் ஆற்றலுக்கு மேற்பட்ட தூசி நாள்தோறும் வருமாயின் சுவர் புண்படுகிறது. புகை என்பதே பெரும்பாலும் இந்நுண்தூசிதான்.

புனேயில் கண்ட உண்மைகள்

நுரையீரலுக்கும் புகைக்கும் உள்ள உறவை ஆராய்வதில் நம் புனே நகர்க்குத் தனிச் சிறப்புண்டு. இங்குள்ள செஸ்ட் ரிசர்ச் பவுண்டேஷன் என்னும் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் சந்தீப் சால்வி, இலண்டன் பேராசிரியர் பீட்டர் பார்ன்ஸுடன் சேர்ந்து 2009இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நெடுநாள் மூச்சடைப்பு நோய், புகை பிடிப்பவர்க்கே வரும் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். அந்நோயுற்றோரில் நூற்றுக்கு 25 முதல் 45 பேர் வரை வாழ்நாளில் ஒருபோதும் புகை பிடியாதவர் என்று அவர்கள் எடுத்துக் காட்டினர். உலகில் புகை பிடிப்போர் ஏறத்தாழ நூறு கோடி; விறகு, வறட்டி, சருகு ஆகியவற்றின் அடுப்புப் புகையைச் சுவாசிப்போரோ ஏறத்தாழ முந்நூறு கோடி என்பதையும் அக்கட்டுரை சுட்டியது.

இதை நம் குடும்பங்களோடு பொருத்திப் பாருங்கள். திருநெல்வேலிச் சிற்றூரிலோ சேலத்துக் கிராமத்திலோ முப்பது நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் ஊதிச் சமைத்த தாய், முதுமையில் மகனுடன் இருக்கப் புனே வருகிறாள். இரண்டாம் மாடி ஏறுகையில் நடுவே நின்று கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறாள். ‘வயதாகிவிட்டது’ என்கிறாள், நாமும் ஆமாம் என்கிறோம். ஒரு பீடியையும் தொட்டறியாத அவள் நுரையீரலில், நம் அனைவர்க்கும் சோறாக்கிய புகை படிந்திருக்கக் கூடும் என்பது நம் எண்ணத்தில் தோன்றுவதில்லை.

அடுத்தது கொசுவர்த்தி. 2003இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, சீனத்திலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்து, ஒரு சுருள் முழுதும் எரியும்போது வெளிவிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று கண்டது. புனே ஆராய்ச்சியாளரும் சுருள் எரியும் அறைகளில் நுண்தூசியையும் கார்பன் மோனாக்சைடையும் அளந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகரெட் பிடிக்கும் விருந்தினரை வாசலுக்கு அனுப்பும் நாம், தொட்டிலின் கீழ்ச் சுருளைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்துகிறோம்.

மூன்றாவது, தீபாவளி. அதே 2016இல் இந்நிலையத்தார் புனேப் பல்கலைக்கழக மாணவர்களுடன் சேர்ந்து, குழந்தைகள் கொளுத்தும் பட்டாசு வகைகள் ஆறினை எரித்து, அருகிலுள்ள காற்றை அளந்தனர். வெடிக்கும் சரவெடியே மிகக் கொடியது என்று யாரும் நினைப்பர். ஆனால் முதலிடம் பெற்றது, ஓசையே இல்லாத பாம்பு மாத்திரை. அது எரியும் சில விநாடிகளில் அருகிலுள்ள நுண்தூசி கன மீட்டருக்கு 64,500 மைக்ரோகிராம் வரை உயர்ந்தது. நம் அரசு நாளொன்றின் சராசரிக்கு விதித்துள்ள எல்லை 60 மைக்ரோகிராம். சரவெடி இரண்டாமிடமே பெற்றது. கம்பி மத்தாப்பும் அப்பட்டியலில் புஸ்வாணத்தை விஞ்சி நின்றது. ஓசை எழுப்பாததால் தீங்கற்றதென்று நாம் சிறு குழந்தையின் கையில் தருபவை இவ்விரண்டுமே அன்றோ? பாம்பு எழும்புவதைக் காணக் குழந்தை குனிந்து முகத்தை எவ்வளவு அருகே கொண்டுபோகிறது என்பதையும் எண்ணுக.

குழந்தையின் நுரையீரல் பெரியவர்களின் நுரையீரலது சிறு வடிவமன்று. பிறக்கும்போது அதில் வளர்ந்தவரின் நுண்ணறைகளில் ஒரு சிறு பங்கே உண்டு. எஞ்சியவை பிறந்த பின்னரே முளைக்கின்றன. நுரையீரலின் ஆற்றல் ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை வளர்ந்து, பின் மெல்லக் குறைகிறது. வளரும் பருவத்தில் சேர்க்கத் தவறியதை வாழ்நாளில் பின்னர்ச் சேர்க்க இயலாது.

நாம் செய்யத்தக்கவை

நகரத்துப் புழுதியையும் வாகனப் புகையையும் நாம் தனியே நின்று தடுக்க இயலாது. பாஷாணிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்தார் உருவாக்கிய சஃபர் என்னும் காற்றுத்தர அறிவிப்பைப் பார்த்து, தரம் கெட்ட நாட்களில் அதிகாலை நடையைத் தள்ளிப் போடலாம். குளிர்காலக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலெழுவதில்லை. காவலாளிகள் தெருவோரத்தில் மூட்டும் ‘ஷேகோட்டி’ நெருப்பில் பிளாஸ்டிக்கும் டயரும் இடுவதைக் கண்டால் அன்போடு தடுக்கலாம்.

ஆனால் வீட்டுக்குள் எழும் புகை நம் ஆட்சிக்கு உட்பட்டது. கொசுவுக்கு வலையும் சன்னல் கம்பிவலையும் போதும், சுருள் வேண்டியதில்லை. தாளிக்கும்போதும் மிளகாய் வறுக்கும்போதும் சன்னலைத் திறந்து, புகைபோக்கி விசிறியை ஓட விடுங்கள். சாம்பிராணியும் ஊதுவத்தியும் வழிபாட்டுக்கு உரியவை. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. ஏற்றியபின் கதவைத் திறந்து வைத்தால் தெய்வம் கோபித்துக்கொள்ளாது. காஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்துங்கள். பாம்பு மாத்திரையை வீட்டுக்குள் வரவிடாதீர்கள்.

திறந்த சன்னலின் பயனை நம் முன்னோர் அறியாதவரல்லர். சென்னைக்குத் தெற்கே 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளர்க்கென நிறுவிய மருத்துவமனையின் பெயர் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையத்திலேயே நிலைத்துவிட்டது. மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்றே அங்கு முக்கிய சிகிச்சை. இன்று காசநோய்க்கு மருந்து உண்டு. எனினும் அக்கிருமி மூடிய அறையிலேயே எளிதில் பரவுகிறது. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால், ஸஸூன் போன்ற அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சோதனையும் மருந்தும் இலவசம். இதில் வெட்கத்திற்கு இடமேயில்லை.

மூச்சு வாங்குவோர்க்கு ‘ஸ்பைரோமீட்டர்’ என்னும் ஊதும் கருவிச் சோதனை மிகப் பயன் தரும். 1846இல் இங்கிலாந்தின் ஜான் ஹச்சின்சன் அறிமுகம் செய்த இக்கருவி இன்று மேசைமேல் வைக்குமளவு சிறிதாகிவிட்டது. மூச்சை நிறைய இழுத்து, இயன்ற வேகத்தில் ஊத வேண்டும். நலமுள்ளவர் முதல் விநாடியிலேயே முக்கால் பங்குக் காற்றை வெளியேற்றிவிடுவர். அடைப்புள்ளவர்க்கு அது இயலாது. மாடிப்படி மூச்சு, வயதினாலா நோயினாலா என்பதைத் தெரிந்துகொள்ள இச்சோதனை பெரிதும் துணைசெய்யும். ஆஸ்துமாவெனில், இன்ஹேலர் என்னும் மூச்சு மருந்துக்கு அஞ்ச வேண்டா. அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் என்பது வீண் பேச்சு. மாத்திரையாக விழுங்கும் மருந்து உடலெங்கும் சுற்ற வேண்டியிருக்க, இன்ஹேலர் மிகச் சிறிய அளவை மூச்சுக்குழலுக்கே நேராகச் சேர்ப்பிக்கிறது.

ஊரிலிருந்து வந்த பெரியோர்க்கு மராத்தி தெரியாதாகையால், மருத்துவரிடம் என்ன சொல்வதென்று தயங்கி, ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்புவதுண்டு. ‘தம் லாக்தோ’ என்றால் மூச்சு வாங்குகிறது என்று பொருள். இருமலுக்குக் ‘கோக்லா’ என்பர். இவ்விரு சொற்களையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அதோடு, எத்தனை ஆண்டு விறகடுப்பில் சமைத்தார்கள் என்பதை நீங்களே உடன் சென்று சொல்லுங்கள். மருத்துவர் கேட்க மறக்கக்கூடிய கேள்வி அது. அவ்விடையைச் சொல்லக்கூடியவர் அவ்வீட்டில் வளர்ந்து, அச்சமையலை உண்ட நாம்தாம்.